கட்டையைச் சுண்டாதே

போன வாரம் எங்கள் பழைய பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இப்போது அங்கே இயற்பியல் லெக்சரர். நான் ரிட்டயர் ஆன பிறகு சேர்ந்தவள், முகம்கூடப் பார்த்ததில்லை. ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "அந்தக் காலத்து லேப் எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். அந்தக் காலமாமே! நான் என்னவோ பல்லவன் கையால் சம்பளம் வாங்கின மாதிரி. "மாமல்லபுரத்துல குகை செதுக்கிட்டு இருந்தாங்களே, அப்போ சேர்ந்தேன்மா" என்றேன். பாவம், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

பேச்சோடு பேச்சாக அவள் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. உராய்வுக் குணகம் கண்டுபிடிக்கிற சோதனைக்கு இப்போது கட்டையும் இல்லை, பலகையும் இல்லையாம். எல்லாம் கம்ப்யூட்டர். லிங்க் அனுப்பினாள், பார்த்தேன். மவுஸால் எடையைத் தூக்கிப் போட்டால் ஒரு பெட்டி நகர்கிறது. எத்தனை தடவை போட்டாலும் அதே எடையில், சொன்ன பேச்சைக் கேட்டு நகர்கிறது. எனக்கு வந்ததே கோபம். சர்வீஸ் முழுக்க ஒரு தேக்குக் கட்டையோடு மல்லுக்கட்டினவள் நான். ஒருநாளாவது அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்குமா?

இயற்பியல் படிக்காதவர்களுக்கு அந்தச் சோதனையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. மேஜை மேல் இழைத்த பலகை. அதன் மேல் ஒரு மரக்கட்டை. கட்டையின் கொக்கியில் கட்டிய நூல், பலகை விளிம்பில் இருக்கிற கப்பி வழியாகக் கீழே தொங்கும். நூலின் நுனியில் ஒரு தட்டு. தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடை போட வேண்டும். கட்டை அசையாது. இன்னும் போட்டாலும் அசையாது. ஏதோ ஓர் எடையில் பிடியை விட்டுவிட்டு நகர ஆரம்பிக்கும். தட்டோடு சேர்த்து அந்த எடையைக் கட்டையின் எடையால் வகுத்தால் வருவதுதான் ஓய்வுநிலை உராய்வுக் குணகம். சும்மா கிடக்கிற பொருளைக் கிளப்ப எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு ஒரு எண், அவ்வளவுதான். கிளம்பிய பிறகு ஓட்டிக்கொண்டு போக அவ்வளவு இழுப்பு வேண்டாம், குறைவாகவே போதும். அதற்கு வேறு எண், வேறு பெயர்: இயக்க உராய்வுக் குணகம். வீடு மாற்றும்போது பீரோ தள்ளிய எல்லோருக்கும் இது தெரியும்.

நான் செங்கல்பட்டுக்காரி. எம்.எஸ்ஸி. முடித்து, இரண்டு டுடோரியலில் தொண்டை கிழியக் கத்தி, ஒருவழியாகக் கடலோரச் சாலையில் இருந்த அந்தப் பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்தது. காலையில் மாமல்லபுரம் பஸ் பிடித்தால் திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். மாணவர்கள் பல மாதிரி. செய்யூர் பக்கத்திலிருந்து வேர்க்கடலைக் கொல்லைக்காரர்கள் பிள்ளைகள், கேளம்பாக்கம் கடைக்காரர்கள் பிள்ளைகள், அணுசக்தி ஆபீசில் வேலை பார்த்த வெளியூர்க் குடும்பத்துப் பிள்ளைகள். பாதிக்கு மேல் திருவிடந்தையைச் சுற்றியிருந்த குப்பங்களிலிருந்து வந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மத்தியானம் டிபன் பாக்ஸ் திறந்தால் லேப் வரைக்கும் வஞ்சிரக் குழம்பு வாசனை வரும். சைவம் சாப்பிடுகிற நானே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

லேப் ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் துரு, பித்தளை எடை எல்லாம் பச்சைக் களிம்பு. ஐப்பசி கார்த்திகையில் கட்டை ஈரத்தில் ஊதிப்போய், பலகையைக் கட்டிக்கொண்டு நகரவே நகராது. சித்திரை வெயிலில் அதே கட்டை தொட்டால் ஓடும். இதை வைத்துக்கொண்டு நாங்கள் பாடம் நடத்தினோம். இப்போது நினைத்தாலும் அந்த லேப் மேல் எனக்கு ஆசைதான்.

எங்கள் துறைத் தலைவர் சபாபதி சார். ஒல்லியான மனிதர். லேப் வாசலிலேயே செருப்பைக் கழற்றி விடுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. முதல் வருஷப் பொடியன்களைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் பேசுவார். அவர் "நீங்க" என்றால் பையன்களுக்கு உதறும். நான் வாய்க்கு வந்தபடி கத்துவேன், எவனும் கண்டுகொள்ள மாட்டான். எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி நிற்பான்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சார் என்னிடம் அந்தக் கட்டையைக் கொடுத்து, "பண்ணிக் காட்டுங்கம்மா" என்றார். எம்.எஸ்ஸி. படித்தவளிடம் இதைப் போய்க் கேட்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் புகைந்தது. மளமளவென்று எடை போட்டேன். நகரவில்லை. மேஜையை விரல் நுனியால் லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

"நகர்த்தினது யாருங்கம்மா? எடையா, நீங்களா?"

"எடைதான் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அப்புறம் அவரே செய்து காட்டினார். பலகையைக் காய்ந்த பஞ்சுத் துணியால் ஒரே திசையில் துடைத்தார். கை படக் கூடாது, வியர்வையும் தலை எண்ணெயும் ஏறிவிடும். எடையைத் தொப்பென்று போடாமல், இடுக்கியால் பிடித்துத் தட்டில் உட்கார வைத்தார். வைத்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சை நிதானமாக ஒரு தடவை இழுத்து விட்டார். அதற்குள் நகரவில்லை என்றால்தான் அடுத்த எடை. நகரப்போகிற மாதிரித் தோன்றினால் எடையை விட்டுவிட்டு மணலுக்குப் போவார். கடற்கரை மணலைக் கழுவி, காயவைத்து, சலித்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்தார். அதைச் சிட்டிகை சிட்டிகையாகத் தட்டில் தூவுவார். கட்டை நகர்ந்ததும் தட்டை மணலோடு நிறுத்துக்கொள்வார். பிறகு பலகையின் வேறு இடத்தில் வைத்து மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் விடை கொஞ்சம் முன்னே பின்னே வரும். "எல்லாம் ஒண்ணுபோல வந்தா எனக்கு வயித்தைக் கலக்கும்மா" என்பார்.

ஒருநாள் ஒரு பையன் சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகும் அவசரத்தில் பலகை மேல் கேரம் போர்டு பவுடரைத் தூவிவிட்டான். வெறும் தட்டுக்கே கட்டை விர்ரென்று ஓடிக் கப்பியில் முட்டியது. சார் வந்து பார்த்தார். "வாழ்த்துகள். உராய்வே இல்லாத உலகத்துக்குப் போய்ட்டீங்க. அங்க எப்படி நடந்து கேன்டீனுக்குப் போறீங்கன்னு காட்டுங்க, நானும் பாக்கறேன்" என்றார். அவன் அன்று சாப்பிடவே போகவில்லை. பலகையைத் துடைத்து முடிக்கவே சாயந்திரம் ஆகிவிட்டது.

ஆனால் பவுடர் எல்லாம் சில்லறை விவகாரம். எங்கள் லேப்பில் தீராத வியாதி ஒன்று இருந்தது. சுண்டுகிற வியாதி. குப்பத்துப் பையன்கள் எடை போடுவார்கள், கட்டை நகராது. உடனே ஆள்காட்டி விரலால் கட்டையின் பின்பக்கம் ஒரு சுண்டு. கட்டை வழுக்கிக்கொண்டு போகும். நான் கத்துவேன். "கட்டையைச் சுண்டாதேடா, பாவி!" அவன் பரம சாதுவாகப் பதில் சொல்லுவான்: "அசஞ்சிட்டா போதும் மேடம், அப்பால தானா போவும்." கடற்கரையில் அவர்கள் போட் தள்ளுகிற முறை அதுதான். மணலில் புதைந்து கிடக்கிற போட்டை எல்லோரும் தோள் கொடுத்து ஒரே உந்தாக உந்தி முதலில் கிளப்பிவிட வேண்டும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே கையில் ஊறிய பழக்கம். சும்மா கிடக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவர்களால் முடியவில்லை.

சுண்டினால் என்ன ஆகும்? கட்டையைக் கிளப்புகிற வேலையை விரல் செய்துவிடும். நகர்கிற கட்டையை ஓட்டிக்கொண்டு போக எவ்வளவு எடை வேண்டுமோ அதுதான் விடையாக வரும். சுண்டாமல் செய்தால், ஒரே தேக்கில் அறுத்த எங்கள் லேப் கட்டைகளுக்குப் பாயிண்ட் ஐம்பதுக்கு மேல் வரும். சுண்டிச் செய்தால் பாயிண்ட் முப்பத்தாறு. அந்த முப்பத்தாறு எங்கள் காலேஜில் வாழையடி வாழையாக வந்த எண். "ஃப்ரிக்‌ஷனா? பாயிண்ட் முப்பத்தாறுடா மச்சான்" என்று சீனியர் ஜூனியருக்கு பஸ்ஸிலேயே சொல்லிவிடுவான். இதில் பொய் எதுவும் இல்லை. சுண்டிச் செய்து பார்த்தால் அவனுக்கும் அதே முப்பத்தாறுதான் வரும். நான் பக்கத்தில் நின்றால் ஒழுங்காகச் செய்வான். நகர்ந்துவிட்டேன் என்றால் சுண்டுவான். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

இந்தக் கூட்டத்தில்தான் சுகந்தி வந்து சேர்ந்தாள். திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அவள் அப்பா போட் வைத்திருந்தார். அட்மிஷன் அன்று மகளோடு வந்தவர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "மேடம், இது அழுதுகினு நிக்கிதேன்னு சேக்கறேன். ஒரு பேப்பரு போனாலும் நிறுத்திடுவேன். அப்பால இறால் கம்பெனிதான். இத்தோட அக்கா அங்கதான் கீது, வேன் வூட்டாண்டயே வருது." சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அக்காவுக்கு ஐஸ் தண்ணீரில் இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருக்கும் என்று அவளே பிறகு எனக்குச் சொன்னாள். "எனக்கு அந்த வேன் ஆரன் சத்தம் கேட்டாலே பேஜாரா கீது மேடம்" என்றாள்.

படிப்பில் சுமார்தான். கணக்கு வராது. ஆனால் லேப்பில் அவளைப் போல் ஒருத்தியை நான் பார்க்கவில்லை. சபாபதி சார் ஒரு தடவை செய்து காட்டியதை அப்படியே பிடித்துக்கொண்டாள். எடை வைப்பாள், கையைப் பின்னால் கட்டுவாள், மூச்சு விடுவாள், காத்திருப்பாள். பையன்கள் கேலி செய்வார்கள். "இன்னா சுகந்தி, கட்டைக்கு ஜெபம் பண்றியா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. இன்னொரு பாலிடெக்னிக்கிலிருந்து வெளித் தேர்வாளர் வருவார், எங்கள் பக்கத்திலிருந்து நான். மார்க் போடுவதில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. வந்தவர் ஐம்பது தாண்டியவர், கறாரான ஆள். மத்தியானம் வேறு ஒரு காலேஜுக்கும் போக வேண்டும் என்று அவசரத்தில் இருந்தார். சீட்டுக் குலுக்கியதில் இரண்டாவது பேட்ச்சில் சுகந்திக்கு உராய்வுச் சோதனை விழுந்தது. அதே சோதனை இன்னும் மூன்று பையன்களுக்கும். அவர்களில் ஒருத்தன் ரஞ்சித். சுகந்தியின் குப்பம்தான், அவளுக்கு மாமன் மகன் முறை.

நான் அறையின் அந்தக் கோடியில் இருந்தேன். பரீட்சை நேரத்தில் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது. பையன்கள் மூன்று பேரும் சுண்டோ சுண்டு என்று சுண்டித் தள்ளி, சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். சுகந்தி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மணி அடிக்கிற நேரத்தில்தான் பேப்பரைக் கொடுத்தாள்.

தேர்வாளர் நாலு பேப்பரையும் வரிசையாக வைத்தார். பாயிண்ட் முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தேழு. சுகந்தியுடையது ஐம்பத்துமூன்று. காலையில் முதல் பேட்ச்சில் வந்ததையும் எடுத்துப் பார்த்தார். எல்லாம் முப்பத்தாறை ஒட்டியே இருந்தன.

"என்னம்மா இது? எங்கேருந்து வந்துச்சு இந்த நம்பர்?"

"செஞ்சேன் சார்."

"நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்? நேரம் பூரா கையைக் கட்டிக்கிட்டு நின்னே. கடைசியில மனசுக்கு வந்ததை எழுதிட்டே. அதையாவது பக்கத்துல பாத்து எழுதியிருக்கக் கூடாதா?"

அவர் பேனாவை எடுத்தார். 'சோதனை செய்யப்படவில்லை' என்று எழுதினால் முடிந்தது கதை. பூஜ்யம், அரியர், அப்புறம் வேன். "சார், அவ சரியாத்தான் செஞ்சிருப்பா" என்றேன்.

"அப்போ மீதிப் பேரெல்லாம் தப்பா? உங்க காலேஜ் பூராவே தப்பா மேடம்? சொல்லுங்க, எழுதிடறேன்."

ஆமாம் என்று சொன்னால் இவள் தப்பிப்பாள், ஆனால் இரண்டு பேட்ச் பையன்களும் மாட்டுவார்கள். அவர்களுக்கும் அப்பா அம்மா இல்லையா? அவர்களும் கடன் வாங்கி, கண்ணீர் விட்டுப் படிக்க வந்தவர்கள்தானே? "டீ வந்திருக்கு, சாப்பிட்டுட்டு எழுதலாம் சார்" என்று சொல்லிவிட்டு சபாபதி சார் ரூமுக்கு ஓடினேன்.

சார் முழுக்கக் கேட்டார். "வாதாடாதீங்கம்மா. வாதாடினா அவர் இன்னும் விறைச்சுக்குவார். அவரையே ஒரு தடவை பண்ணச் சொல்லுங்க. பண்ணா அவருக்கே தெரியும்" என்றார். எழுந்து என் பின்னாலேயே வந்து லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வரவில்லை. தேர்வு நடக்கும்போது துறைத் தலைவர் உள்ளே வருவது முறையில்லை என்பார்.

நான் தேர்வாளரிடம் பணிவாகக் கேட்டேன். நல்ல மனிதர், மறுக்கவில்லை. "அதுக்கென்ன, அஞ்சு நிமிஷ வேலை" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுகந்தியின் மேஜைக்கு வந்தார். வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த மற்ற பிள்ளைகளும் சுற்றி வந்து நின்றார்கள். எடை போட்டார். கட்டை நகரவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டார். அப்புறம் என் கண் முன்னாலேயே, யாருக்கும் தெரியாத மாதிரி, ஏன், அவருக்கே தெரியாத மாதிரி, ஆள்காட்டி விரலால் கட்டையின் பின்பக்கம் லேசாக ஒரு சுண்டு. கட்டை அழகாக நகர்ந்தது.

"பாத்தீங்களா? கணக்குப் போடுங்க. முப்பத்தாறுதான் வரும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வாசலில் சார் முகத்தைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சுகந்தி பேசினாள். சத்தமாக இல்லை. கையைப் பின்னால் கட்டியபடியே, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், நீங்க தொட்டுட்டீங்க. கைய எடுத்துட்டுப் பண்ணுங்க."

வெளித் தேர்வாளரைப் பார்த்து முதல் வருஷப் பெண் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் தொட்டேனா? எப்போ தொட்டேன்?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆமா சார். சுண்டுனீங்க சார். நாங்களும் அப்படித்தான் சார் பண்ணோம்." ரஞ்சித். அவன் பேப்பரும் அந்த மேஜை மேல்தான் கிடக்கிறது. அவன் மார்க்கும் அதில்தான் இருக்கிறது. தெரிந்துதான் சொன்னான். கடன்காரப் பயல், அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

தேர்வாளர் தன் விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு தட்டைக் காலி செய்து, கட்டையைத் திரும்ப வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை எடையை வைத்ததும் அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முப்பத்தாறு வருகிற எடை தாண்டியது. கட்டை அசையவில்லை. நாற்பது தாண்டியது, அசையவில்லை. சுகந்தி மணல் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினார். கடைசிச் சிட்டிகைக்குக் கட்டை தானாகக் கிளம்பியது. கணக்குப் போட்டார். பாயிண்ட் ஐம்பத்திரண்டு.

அப்புறம் மற்ற பேப்பர்களை எடுத்து சுகந்தியின் முன்னால் போட்டார். "சரி. அப்போ இதெல்லாம் என்ன? தப்பா?"

நான் பயந்த கேள்வி அதுதான். அவள் யோசித்துப் பதில் சொன்னாள். "தப்பு இல்ல சார். அதுவும் செஞ்சதுதான். நகந்ததுக்கு அப்பால எவ்ளோ வேணுமோ அதான் இது. கணக்கெல்லாம் கரெக்டு. பேருதான் மாத்தி எழுதிட்டாங்க."

அவர் கடகடவென்று சிரித்துவிட்டார். வாய்மொழித் தேர்வுக்கு அவளிடம் வேறு கேள்வியே கேட்கவில்லை, முழு மார்க் போட்டார். பையன்களுக்கு முடிவுப் பகுதியில் மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கொடுத்தார். ஒருத்தனும் தவறவில்லை. போகும்போது வாசலில் நின்ற சபாபதி சார் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷமா நானும் சுண்டிக்கிட்டுதான் இருந்திருக்கேன் சார்" என்றார். சார் அவருக்கு இன்னொரு டீ சொன்னார்.

எல்லோரும் போன பிறகு சுகந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன், "உனக்கு மட்டும் எப்படிடி கை துறுதுறுங்கல?" அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க நைனா போட்டுல பொம்பளைங்க கை வக்கக் கூடாது மேடம். ஆம்பளைங்க தள்ளும்போது நாங்க கைய பின்னால கட்டிக்கினு தூர நிப்போம். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்." கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "போ, பஸ் போயிடும்" என்று அனுப்பிவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரிசல்ட் வந்தது. இயற்பியல் செய்முறையில் வகுப்பிலேயே முதல் மார்க் சுகந்திதான். கணக்கில் ஃபெயில்.

ரிசல்ட் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நான் வயிறு எரிந்து உட்கார்ந்திருந்தேன். அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பெண்ணைக் கணக்கு வந்து கவிழ்த்துவிட்டதே! மறுநாளே அவள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள் கண் வீங்கியிருந்தது. டி.சி. வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. அவர் பேசுவதற்கு முன்னால் நானே ஆரம்பித்துவிட்டேன். இயற்பியலில் அவள்தான் முதல், ஒரு பாடத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள், கணக்கை நானே உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன் என்று மூச்சு விடாமல் பேசினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் முடியும்வரை கேட்டார். "அரியருன்னா திரும்ப எழுதலாந்தானே மேடம்?"

"தாராளமா எழுதலாம்."

"அப்போ எழுதட்டும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்மிஷன் அன்று ஒரு பேப்பர் போனாலும் நிறுத்திவிடுவேன் என்று சொன்னவர்.

"இன்னா மேடம் அப்படிப் பாக்கறீங்க? இந்த ரஞ்சித்துப் பையனும் அவன் கூட்டாளிங்களும் வந்து குப்பம் பூரா சொல்லிக்கினு கீறானுங்க. டீக்கடையாண்ட போனாலும் அதே பேச்சு, வலை பிரிக்கற எடத்துலயும் அதே பேச்சு. 'உன் பொண்ணு வெளியூரு வாத்தியாரப் பாத்து, சார் கைய எடுங்கன்னு சொல்லிச்சு அண்ணாத்த, அந்தாளும் எடுத்தாரு'ன்னு." அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "எங்க ஆளுங்க ஆபீசராண்ட போனா கையக் கட்டிக்கினு தலையாட்டிட்டு வருவோம் மேடம். எனக்கே இந்த வயசுல ஒருத்தனப் பாத்து நீ பண்றது தப்புன்னு சொல்ல வாய் வரல. இதுக்கு வந்துது. இதக் கொண்டு போய் அந்த ஐஸ் தண்ணியில உக்கார வப்பனா?"

செய்முறைத் தேர்வு அன்று அத்தனை பேர் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண், அப்பா சொன்னதைக் கேட்டு முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, "ஏய், எதுக்கு அழுவுற? கணக்குப் புக்கு எங்க, வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று அதட்டினார். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. நேராக சபாபதி சார் ரூமுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. எழுந்து போய் ஃபேனைப் போட்டுவிட்டு, தன் வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.